நோயாளி வீட்டுச் செபம்

மணப்பாட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கும். பம்பரம் விட்டுக்கொண்டிருக்கும் பையன்கள் கயிற்றைச் சுற்றிய கையோடு நிற்பார்கள். தண்ணீர் எடுத்து வரும் பெண்கள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார்கள். மணி ஓய்ந்ததும் பம்பரம் மறுபடி மண்ணில் இறங்கும். ஏழு மணிக்கெல்லாம் தெரு காலியாகிவிடும். வீட்டுக்கு வீடு செபமாலை. ஒரு வீட்டில் மூன்றாம் தேவ இரகசியம் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டார் மாதா பிரார்த்தனைக்கு வந்திருப்பார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பவர் காதில் ஒரு முழுச் செபமாலையும் துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக விழும்.

அம்மா பிறந்த ஊர் அது. பள்ளிக்கூடம் அடைத்தால் எங்களுக்கு மணப்பாடுதான். திருச்செந்தூரில் பஸ் மாறி, குலசேகரன்பட்டினம் தாண்டிப் பனங்காடுகளுக்கு நடுவே போகும்போது, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மலை தெரிய ஆரம்பிக்கும். மலை என்று ஊரார் சொல்வது மணல் இறுகிக் கல்லாய்ப்போன ஒரு மேட்டை. அதன் மேல் திருச்சிலுவைக் கோவில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே கருமேனியாறு கடலோடு சேரும் இடத்தில் அசைவில்லாத காயல் தண்ணீர். கொழும்பு வியாபாரம் செழித்திருந்த காலத்தில் கட்டிய பெரிய வீடுகள் ஊருக்குள் உண்டு. பாட்டியின் வீடு அந்த வரிசையில் சேராது. ஓட்டுக்கூரை, ஒரு திண்ணை, திண்ணையில் எப்போதும் நனைத்துப் போட்ட பனையோலை. பாட்டி ஓலைப்பெட்டி முடைவாள். தாத்தா வள்ளத்தில் கடலுக்குப் போனவர்.

செபத்தைப் பற்றிப் பின்னாளில் எத்தனையோ வாசித்திருக்கிறேன், தியானங்களுக்குப் போயிருக்கிறேன், நல்ல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். எனக்குள் நிலைத்தது அந்தத் திண்ணையில் கிடைத்ததுதான். பாட்டிக்குச் செபம் என்பது பெரும்பாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குகிற வேலை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் ஓலையை ஓரமாக வைத்துவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். "இங்கயிருந்து வேண்டுனா ஆண்டவருக்குக் கேக்காமலா போகும்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆண்டவருக்குக் கேக்கும். படுத்துக் கெடக்கவளுக்குக் கேக்காண்டாமா?" என்றாள்.

அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய இறையியல் இருக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன்.

ஊரின் கதையே ஒரு நோயிலிருந்துதான் தொடங்குகிறது. 1540-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் சிக்கியது, பாய்கள் கிழிந்தன, பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து, சேர்ந்த கரையிலேயே நடுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். கப்பல் மணப்பாட்டில் ஒதுங்கியது. சிலுவை செதுக்க மரத்தை மணலில் போட்டிருந்தபோது, அசிங்கத்தை மிதித்துவிட்டு வந்த ஒருவன் காலை அந்த மரத்தில் தேய்த்துத் துடைத்தான். வீட்டுக்குப் போவதற்குள் கால் வீங்கி வலி தாங்க முடியவில்லை. மரத்தைக் கழுவி எண்ணெய் பூசும்படி இரவு கனவில் அவனுக்குச் சொல்லப்பட்டது. அப்படியே செய்தான், கால் சுகமானது. தலைமுறை தலைமுறையாக ஊர் சொல்லிவரும் கதை இது. அந்தச் சிலுவையை இன்றும் மலைக் கோவிலில் பார்க்கலாம். கோவில் 1581-இல் எழுந்தது என்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, இயேசு மரித்த சிலுவையின் ஒரு சிறு துண்டு ரோமிலிருந்து வந்து சேர்ந்ததாகவும் வழக்கு.

பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது ஓர் இடத்தில் நிறுத்துவாள். காலில் வலி வந்தது தண்டனை என்று சிலர் சொல்வதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "தண்டிக்கணும்னா வீங்குனதோட விட்டிருக்க மாட்டாரா? மருந்தயும் அவரேல்ல சொல்லிக் கொடுத்தாரு." கழுவு, எண்ணெய் பூசு: கனவில் வந்த வைத்தியம் மரத்துக்கு, குணம் மனிதனுக்கு. அவமதித்த ஒன்றை மரியாதையோடு தொட்டதில் அவன் சுகப்பட்டான் என்று அந்தக் கதையை நான் வாசிக்கிறேன். எத்தனையோ வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன நோய்க்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

மாதா படத்துக்குக் கீழே மாடப்பிறையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். மலைக் கோவில் விளக்கிலிருந்து எடுத்து வந்த எண்ணெய். எங்களுக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி அதில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போடுவாள், ஒரு பரமண்டல மந்திரம், மூன்று பிரியதத்தம். அது முடிந்த கையோடு தலையைத் துவட்டி, சட்டையை மாற்றி, திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் கூட்டிப்போவாள். எண்ணெய் பூசியாயிற்றே, ஆஸ்பத்திரி எதற்கு என்ற கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை. கத்தோலிக்கர் விவிலியத்தில் உள்ள சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்து ஆண்டவர் மண்ணிலிருந்து படைத்தது என்கிறது. பாட்டி அந்த அதிகாரத்தைப் படித்தவள் இல்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் அப்படித்தான் வாழ்ந்தாள். செபத்தைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது விசுவாசமே இல்லை. நோயாளியின் தலையில் இன்னொரு சுமை. சுகமாகாவிட்டால் உன் விசுவாசம் போதவில்லை என்று கடைசியில் பழியும் அவர் மேலேதான் விழும்.

பிள்ளைகளுக்கும் அந்த ஊரில் ஒரு வேலை இருந்தது. தெருவில் யாராவது படுக்கையில் விழுந்தால், சாயங்காலம் விளையாடி முடிந்ததும் எங்களைக் கை கால் கழுவச் சொல்லி அங்கே அனுப்புவார்கள். பெரியவர்கள் பின்னால் வருவார்கள், முதலில் போவது நாங்கள். கட்டிலைச் சுற்றி நின்று விசுவாச மந்திரத்தில் ஆரம்பித்துச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்ல வேண்டும். சில வீடுகளில் நோய் நெடியும் மூத்திர வாடையும் குமட்டும். வாய் கோணிப்போன ஒரு கிழவரைப் பார்த்து என் தம்பி பயந்து அழுததும், அவர் தன் நல்ல கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டே செபத்தை முடித்ததும் நினைவிருக்கிறது. முடிந்ததும் அந்த வீட்டம்மா எங்கள் கையில் ஆளுக்கொரு பனங்கற்கண்டுத் துண்டு வைப்பார்.

எங்கள் ஊர்ப் பழக்கம் என்றுதான் இதை நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு, எங்கள் கரைக்கு வேதம் கற்பிக்க வந்த சவேரியாரின் கடிதங்களை வாசித்தபோது வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. 1542 மே மாதம் கோவாவில் இறங்கியவர், அந்த வருடக் கடைசிக்குள் எங்கள் கரையான முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். இந்தக் கரையின் பரதவர்கள் அதற்குச் சில வருடங்கள் முன்பே, 1535 முதல் 1537 வரை, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். செபம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களை வைத்துக்கொண்டு மந்திரங்களைத் தமிழில் ஆக்கி, தானே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், நோயாளிகளிடம் வரச் சொல்லி எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருவதாகவும், ஒரே ஆளாய் எல்லா வீட்டுக்கும் போக முடியாததால் மந்திரங்கள் கற்ற சிறுவர்களை அனுப்புவதாகவும் சொல்கிறார். அந்தப் பிள்ளைகள் நோயாளியின் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவைத்து விசுவாச மந்திரத்தைச் சேர்ந்து சொல்ல வைத்தார்கள்.

அக்கம்பக்கத்தாரையும் கூட்ட வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். நோயாளியிடமிருந்து ஊர் விலகி நின்றிருக்கக்கூடிய காலம் அது. எந்த வீட்டில் காய்ச்சலோ பேதியோ கண்டதோ, அந்த வாசலை யாரும் மிதிக்க அஞ்சியிருப்பார்கள். அங்கே ஒரு சிறுவன் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுகிறான். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கு வைக்க வழியில்லை. படுத்திருந்தவரைச் சுற்றி மனிதர்கள் நின்றார்கள் என்பது மட்டும் நிச்சயம். சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழில் ஆக்கி, 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ஒரு செபப் புத்தகம், அதுவும் எங்கள் கரைக்காரர்களுக்காக. அந்த மந்திரங்கள் நானூறு வருடம் தாண்டியும் எங்கள் வாயில் புழங்கின என்பதில் எனக்கு உள்ளபடியே பெருமை உண்டு.

தாத்தா விழுந்தது எழுபதுகளின் கடைசியில். விடியற்காலையில் வலையை எடுத்துத் தோளில் போட்டவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பங்குச் சாமியார் விசாரிக்க வந்தவர், மறுநாள் வந்து எண்ணெய் பூசலாமா என்று கேட்டார். பாட்டி விம்மி அழ ஆரம்பித்தாள். அவள் அறிந்தது அவஸ்தைப் பூசுதல். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது உபதேசியார் முன்னால் வர, சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் நுழைந்தால் உள்ளே ஒப்பாரி தொடங்கிவிடும். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பூசி, அவை செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைக்கும் சடங்கு.

சாமியார் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தினார். பெயரே நோயில் பூசுதல் என்றாயிற்று. சாகும் நேரம் வரை காத்திருக்க வேண்டாம். பெரிய நோய் கண்டவருக்கும், தளர்ந்த முதியவருக்கும், பெரிய அறுவைக்குப் போகிறவருக்கும் கொடுக்கலாம். மறுபடி நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். "பாட்டி, போறதுக்குன்னு இல்ல. இருக்கிறதுக்குத்தான்" என்றார். பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் தெருக்காரங்களையும் கூப்பிடட்டுமா சாமி?" என்று கேட்டாள்.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. தாத்தாவுக்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். சாமியார் முதலில் ஒன்றும் பேசாமல் அவர் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். புதிய முறையில் இவ்வளவுதான். அந்த எண்ணெய் பரிசுத்த வாரத்தில் தூத்துக்குடியில் ஆயர் மந்திரித்து ஒவ்வொரு பங்குக்கும் கொடுத்தனுப்புவது. மறைமாவட்டத்தின் எல்லா நோயாளிகளும் அந்த ஒரே எண்ணெயில் பங்காளிகள். தாத்தாவின் உள்ளங்கையை நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை, காய்ப்பின் வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கியது. வராத வலது கைக்கும் வருகிற இடது கைக்கும் சாமியார் ஒரே மாதிரிதான் பூசினார். தாத்தா அழுதார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. வெட்கப்படவும் இல்லை.

தாத்தாவின் கை திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் போல இருந்தார். ஆனால் விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த மனிதர், அன்று சாயங்காலம் கட்டிலைத் திண்ணையில் போடச் சொன்னார். இடது கையால் செபமாலை உருட்டப் பழகினார். கரைக்கு வந்தவர்கள் நேராக அவரிடம் வந்து காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவரோடு பத்து வருடமாகப் பேச்சில்லாமல் இருந்த ஒரு பங்காளி, பூசுதலன்று கூட்டத்தின் கடைசியில் நின்றவர், பிறகு தினமும் வந்து தாத்தாவைத் தூக்கி உட்கார்த்தி வைத்தார். குணம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், தயங்காமல் பயன்படுத்துவேன்.

மலையின் கடல் பார்த்த சரிவில் சவேரியார் கெபி இருக்கிறது. அவர் தங்கிச் செபித்த குகை. அவருக்கு முன்பு அங்கே ஒரு சைவத் துறவி இருந்தார் என்றும் ஊர் சொல்லும். உள்ளே ஒரு சிறு கிணறு. அலை வந்து மோதும் பாறைக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காது. திருவிழாவுக்கு வருகிறவர்கள் அதைக் குடித்து, புட்டியிலும் கொண்டுபோவார்கள். செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைத் திருநாள். அதற்கு முன் நாட்களிலேயே ஊர் கொள்ளாத கூட்டம் வந்து நிறையும். வேதக்காரர் மட்டும் வருவதில்லை. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து, நேர்ச்சை செலுத்த, பிள்ளைக்கு மொட்டையடிக்க என்று எல்லாரும் வருவார்கள். குலசேகரன்பட்டினத்துத் தசரா அதற்கடுத்து வரும். அப்போது எங்கள் ஊரார் அங்கே போய் வேடங்களைப் பார்ப்பார்கள். எனக்குக் கூட்டத்தைவிட, கூட்டம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் பாட்டியோடு கெபிக்கு இறங்கியதுதான் பிடிக்கும். அவள் முழங்காலில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். இன்னார் மகளுக்குக் கல்யாணம் கூட வேண்டும், இன்னார் மருமகளுக்கு வயிற்றுவலி தீர வேண்டும், கொழும்புக்குப் போனவனிடமிருந்து கடுதாசி வர வேண்டும். தன் பெயரை எப்போதாவது சொல்வாளா என்று காத்திருந்து பார்த்திருக்கிறேன். சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமாக எனக்குள் பதிந்தது எதிர்வீட்டு மாமியின் வீட்டில் நடந்தது. கச்சான் காற்று கடுமையாக வீசிய ஆடி மாதத்தில் மாமா போன வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரைக்கு வந்தார்கள், மாமா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மாமி சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, கோவிலுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். செபமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. ஆண்டவர் சித்தம், அழாதே என்று சொல்ல வாயெடுத்த ஒருவரைப் பாட்டி பார்வையாலேயே அடக்கினாள்.

முப்பது நாளும் சாயங்காலம் தெருப் பெண்கள் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். மாமி மூலையில் சுவரோடு சாய்ந்திருப்பார். செபமாலையில் ஒருவர் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்ல வேண்டும். மாமியின் பங்கையும் சேர்த்து மற்றவர்களே சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. வழக்கப்படி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாட்டி நிறுத்தவில்லை. "அவளுக்கு இப்பம் முடியல. முடியுத வரைக்கும் நாம சொல்லுவோம்" என்றாள். மழைக்காலம் வந்தது. நாங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனபோதும் அந்த வீட்டில் சாயங்காலம் பாய் விரித்தபடியே இருந்தது. அந்த நாட்களில் ஒன்றில், நான்காம் பத்தில் என்று நினைவு, மூலையிலிருந்து ஒரு குரல் மற்றவர்களோடு சேர்ந்து மீதிப் பாதியைச் சொன்னது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டி அடுத்த மணிக்குப் போனாள், கொஞ்சம் மெதுவாக.

விசுவாசம் ஒருவரிடம் தீர்ந்துபோன காலத்தில் அவருக்காக மற்றவர்கள் அதை வைத்திருக்க முடியும் என்பதை அங்கே கண்டேன். இன்று செபம் என்றால் தனியறை, மனஅமைதி, மூச்சுப்பயிற்சி என்று பேசுகிறோம். அவற்றிலும் நன்மை உண்டு. மாமியைத் தனியறையில் விட்டிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

பாட்டி போய்ப் பல வருடமாயிற்று. ஊரிலும் பலதும் மாறிவிட்டது. ஏழு மணிக்குச் சில வீடுகளில் தொலைக்காட்சிச் சத்தம், பல வீடுகளில் பூட்டு. வள்ளங்களில் இயந்திரம் வந்துவிட்டது, பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். மாதா சுரூபம் அக்டோபர் மாதத்தில் இன்னும் வீடு வீடாகப் போகிறது.

எதிர்வீட்டு மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. பாட்டியின் வேலையை அவர்தான் எடுத்துக்கொண்டார், யாரும் கொடுக்கவில்லை. துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவருக்குத்தான் போன் வருகிறது. தினசரி நாட்காட்டியில் அந்தந்தத் தேதித் தாளின் ஓரத்தில் பெயர்களைப் பேரப்பிள்ளையை விட்டு எழுதவைத்து, சாயங்காலம் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு உட்காருகிறார். நடந்து போக முடிகிற தூரத்தில் நோயாளி வீடு என்றால் இன்னும் நேரிலேயே போகிறார்.

போன மாதம் என் மனைவிக்கு இருதய அறுவை என்று முடிவானபோது முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள் என்று கேட்டார். காலை எட்டு மணி என்றேன்.

"பூசுதல் குடுத்தாச்சா?"

"நாளைக்குச் சாமியார் வாராரு மாமி."

"சரி. நாங்க ஏழரைக்கே உக்காந்துருவோம், வெளிய கொண்டாந்துட்டாங்கன்னு நீ சொல்லுத வரைக்கும் எந்திரிக்க மாட்டோம். அவ கையப் பிடிச்சுக்கிட்டுப் போ. நீயும் காலையில ஏதாவது சாப்புடு, வெறும் வயித்தோட நிக்காத."